ஆடாதோடையில் கட்டிய நீலப் பம்ப்

மில் யோகண்ணை இன்று காலை காலமானார்.

நான்கு நாட்களாக ஆஸ்பத்திரி வார்டில் இருந்தவர். நெஞ்சில் கிருமி பிடித்துவிட்டதாம்... மகள் போன் எடுத்துச் சொன்னாள்.

இடம்பெயர்ந்த காலம் நீங்கலாக, முப்பது வருடங்களுக்கு மேல் விசுவமடுவில் ஒரு நெல் மில்லில் மெஷின் ஓட்டினார். உமித்தூசும் பீடியும் சேர்ந்து நெஞ்சைக் கெடுத்தன. பீடியை விட்டார். நெஞ்சு பழையபடி திரும்பவில்லை.

கிளினிக்கில் ஒரு நேர்ஸ் அவருக்கு மூச்சு விடப் பழக்கியிருந்தார். மூக்கால் இழுத்து, சூட்டுத் தேத்தண்ணியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல விடவேண்டும். அப்படி ஊதி ஊதித்தான் தினமும் காலையில் வாய்க்கால் கரையால் நடப்பார். ஒவ்வொரு மதகிலும் இருந்து ஆறுவார்.

மதகுகளுக்கு அவர் வைத்தது பஸ் நிற்கும் ஊர்களின் பெயர். முதலாவது தருமபுரம், இரண்டாவது முரசுமோட்டை, மூன்றாவது பரந்தன்.

“தம்பி, இண்டைக்குப் பரந்தன் மட்டும் போனனான். ஆனையிறவுக்குத்தான் டிக்கெட் கிடைக்கேல்லை.”

கிணற்றடியில் ஓர் ஆடாதோடைச் செடி நின்றது. இலையை அவித்துத் தேன் விட்டுக் குடிப்பார். மழை நாட்களில் இஞ்சி தட்டிப் போட்ட மல்லித்தண்ணி. அவருக்காக அக்கா, அவருடைய மனைவி, விறகடுப்பைக் குசினியிலிருந்து வெளியே கொண்டுபோய் வைத்தார். புகை ஆகாதென்று நுளம்புத்திரியும் அந்த வீட்டில் கொளுத்துவதே இல்லை.

சில வருடங்களுக்கு முன் இதையெல்லாம் எங்கள் பத்திரிகையின் வாரப் பதிப்புக்குக் கட்டுரையாக எழுதினேன். பேசி முடித்து எழும்பும்போது அவர் சொன்னார்.

“தம்பி, இலை சளியை இளக்கும், அவ்வளவுதான். சுருங்கின மூச்சுக்குழாயைத் திறக்கிறது வாய்க்குள்ள அடிக்கிற மருந்துப் பம்ப். நான் ரெண்டு நேரமும் போடுறனான். அதையும் எழுதும்.”

குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். கட்டுரை நீண்டுவிட்டது. குறைக்கும்போது அந்த வரியை எடுத்துவிட்டேன்... டெஸ்க்கில் யாரும் வெட்டவில்லை. நான்தான் எடுத்தேன்.

கட்டுரை வந்து இரண்டு வாரம் இருக்கும். வவுனியாப் பக்கமிருந்து ஒரு அம்மா மகளோடு அவர் வீடு தேடி வந்திருக்கிறார். கையில் என் கட்டுரை. படித்த நாளிலிருந்து பம்ப்பை நிறுத்திவிட்டு இலைத்தண்ணி மட்டும் குடித்திருக்கிறார். வாசல் படலையிலிருந்து முற்றத்துக்கு வருவதற்குள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

யோகண்ணை அவரைக் கதிரையில் இருத்தி, முன்னால் குனிந்து மேசையில் முழங்கை ஊன்ற வைத்திருக்கிறார். “தேத்தண்ணி ஊதுற மாதிரி ஊதுங்கோ அம்மா, அவசரமில்லை” என்று தானும் கூட இருந்து ஊதியிருக்கிறார். அக்கா பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி வரைக்கும் யோகண்ணையும் கூடப் போனார்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் எனக்குப் போன் வந்தது.

“தம்பி, பேப்பரில என்ர பம்ப்பை எங்கை வைச்சனீர்?”

“இடம் காணாமப் போச்சு அண்ணை.”

“ஆடாதோடைக்கு மட்டும் இடம் கண்டதோ?”

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் லேசாக இருந்திருக்கும். நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, “சரி, திருத்திப் போடும்” என்றார்.

போட்டோம். உள்பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்குக் கீழே, நான்கு வரி. பேப்பரோடு அவரிடம் போனேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினார்.

“இலைக்கு அரைப் பக்கம், பம்ப்புக்கு நாலு வரி. இதை ஆர் வாசிக்கிறது? நானே ஒரு வழி பாக்கிறன்.”

மருந்து முடிந்துபோன நீலப் பம்ப் ஒன்றை எடுத்து, ஆடாதோடையின் நடுக் கொப்பில் நைலோன் நூலால் கட்டினார். இலை பிடுங்கக் கை நீட்டுபவரின் கண்ணுக்கு முதலில் அதுதான் படவேண்டும். இலை கேட்டு வருபவர்களிடம் முதற் கேள்வியும் அதுதான்... “உங்கட பம்ப் எங்கை? காட்டுங்கோ பாப்பம்.” காட்டாதவருக்கு மல்லித்தண்ணி கிடைக்கும், இலை கிடைக்காது.

“கஸ்டம்ஸ் மாதிரி நிக்கிறார்” என்று அக்கா சிரிப்பார்.

கடைசியாகப் பார்த்தது போன மாதம். முதல் மதகில் இருந்தார். “இப்ப தருமபுரத்தோட சரி தம்பி. பஸ் பழசாப் போச்சு.” ஊதி முடித்துவிட்டுத்தான் அடுத்த கதை.

இன்று பின்னேரம் போய்வந்தேன். தலைமாட்டில் யாரோ ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். அழுதுகொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“உந்தப் பத்தியை வெளியில வையுங்கோ. அவருக்கு இழுக்கும்.”

மகள் எடுத்துக்கொண்டுபோய் முற்றத்தில் வைத்தாள்.

வரும்போது கிணற்றடியில் நின்று ஒரு படம் எடுத்தேன். கீழே போட்டிருக்கிறேன். இலைகளுக்கு நடுவே நீலமாகத் தெரிவது அந்தப் பம்ப்தான். வெயிலில் கொஞ்சம் வெளிறிவிட்டது.

யோகண்ணை ஆடாதோடை குடித்தவர், வாய்க்கால் கரையால் நடந்தவர். இரண்டு நேரமும் பம்ப் போட்டவர்.

இந்த முறை எழுதியிருக்கிறன் அண்ணை. ஆறுதலாப் போய் வாங்கோ.