பலகையில் இல்லாத விளக்கு

ஒரு சின்னத் தீவின் கலங்கரை விளக்கங்களுடைய வரலாற்றைச் சொல்ல எனக்கு நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். அந்தத் தீவை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்து கடக்கவே இருபத்தைந்து நிமிடம்தான் ஆகும். எனவே நேரம் போதாது என்று நான் சண்டை போட வழியில்லை. சண்டை வேறு விஷயத்தில் வந்தது.

அந்தத் தீவில் விளக்குப் பணியாளனாக இருந்தவன் நான். இப்போது மயிலாப்பூரில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். கையில் காய்கறிப் பையோடு மூச்சு வாங்கும்போதெல்லாம் பழைய உத்தியோகம் ஞாபகம் வரும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு சபா. அதன் மாடி அறையில் மாதம் ஒருமுறை யாராவது வரலாறு பேசுவார்கள். மார்கழி மாதத்துக்கு ஆள் கிடைக்காமல் செயலாளர் என்னைப் பிடித்தார்.

தீவில் இதுவரை மூன்று விளக்குகள். இப்போது இருப்பது மூன்றாவது: இரும்புச் சட்டக் கோபுரம், உச்சியில் வெயிலில் மின்சாரம் பிடித்துக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டி. நான் பதினோரு வருஷம் பார்த்த வேலையை அது தானாகவே பார்க்கிறது. அது விடுப்பு கேட்பதில்லை, அதை யாரும் பேச்சுக்குக் கூப்பிடுவதுமில்லை. அதற்கு முந்தியது நான் வேலை பார்த்த வெள்ளைக் கோபுரம். அதற்கும் முந்தியது, முதலாவது, பாறையில் மோதி உடைந்த ஒரு தோணியின் பாய்மரம். அதை மணல் மேட்டில் நட்டு, உச்சியில் கப்பி கட்டி, அந்தி சாயும்போது ஓர் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் ஏற்றினார்கள். தீவில் அப்போது ஏழு வீடுகள். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு வீட்டு முறை. கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைப்பது, எண்ணெய் ஊற்றுவது, கயிற்றை இழுப்பது எல்லாம் அந்த வீட்டுப் பொறுப்பு. கடலில் இருந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் பாறைக்கு விலகிக் கரை சேர்ந்தார்கள்.

வியாழக்கிழமை என் மனைவியின் வீட்டு முறை. வெள்ளைக் கோபுரம் வரும்வரை, சிறுமியாக அவளும் அந்தக் கயிற்றை இழுத்திருக்கிறாள்.

பேச்சுக்காக நான் எழுதிக் கொடுத்த குறிப்பைப் படித்துவிட்டுச் செயலாளர் வீட்டுக்கே வந்தார். மூன்று மாடி ஏறி வந்த மனிதரிடம் உடனே சண்டை போடக்கூடாது என்று காபி கொடுத்தோம்.

"முதல் விளக்கை எடுத்துடுங்கோ சார்," என்றார். "கம்பத்துல லாந்தர் கட்டினதையெல்லாம் லைட்ஹவுஸ்னு சொல்லிண்டு இருந்தா, நாளைக்கு யாராவது ஆதாரம் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"ஆதாரம் உங்களுக்குக் காபி கொடுத்துட்டு உள்ள போயிருக்கு சார்."

அவர் சிரிக்கவில்லை. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். தீவுக்குச் சுற்றுலா போன யாரோ எடுத்தது. வெள்ளைக் கோபுரத்தின் அடியில் ஒரு பலகை. 'இத்தீவின் முதல் கலங்கரை விளக்கம் இதுவே.'

"கவர்ன்மென்ட் பலகை. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றவர், படத்தைப் பெரிதாக்கினார். "அதென்ன ஓரத்துல, இறாலா?"

"நங்கூரம் சார்," என்றேன். "நான்தான் வரைஞ்சேன். பலகையை எழுதினதும் நான்தான்."

உண்மை. மேலதிகாரி வருகிறார் என்று அவசரமாக எழுதச் சொன்னார்கள். பாய்மரத்தைச் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "நாம கட்டினதுதான் விளக்கு, மத்ததை விடு," என்றார்கள். "சரிங்க சார்" என்றேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் அதிகம் பேசிய வசனம் அது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். பலகையைப் படித்த மனைவி, "எங்க வியாழக்கிழமை எங்கங்க?" என்று கேட்டாள். இடம் போதவில்லை என்றேன். அவள் அந்த நங்கூரத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். அதற்கு மட்டும் தாராளமாக இடம் இருந்தது.

செயலாளர் எழுந்தார். "சரி, ஒண்ணு பண்ணுங்கோ. கோபுரம் ரெண்டையும் பேசிடுங்கோ. நேரம் மிஞ்சினா கடைசியில கம்பத்தைத் தொட்டுக்கலாம்."

மயிலாப்பூரை அறியாதவர்களுக்கு இது நியாயமாகத் தோன்றும். மார்கழியில் சபாவின் கீழ்த்தளத்தில் கேன்டீன் நடக்கும். கச்சேரியில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி சபை அடை அவியலுக்கு எழுந்து போவது இங்கே வழக்கம். பேச்சாளருக்கும் அந்த மரியாதை உண்டு. 'இரண்டாவதாக' என்று வாயெடுத்தால் போதும், நாற்காலிகள் பின்னால் நகரும். கடைசியில் என்றால் யாருமே இல்லாதபோது என்று அர்த்தம்.

அவர் போனதும் மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "இந்தத் தடவையும் இடம் போதலைன்னா, அடுத்த தடவை தீவுக்கு நீங்க தனியாத்தான் போகணும்."

சனிக்கிழமை நாலு மணி. நாற்பது பேர் இருந்தார்கள். எல்லோர் கையிலும் செயலாளர் அச்சடித்த ஒரு தாள்: 'தீவின் இரண்டு கலங்கரை விளக்கங்கள்'. மனைவி மூன்றாவது வரிசையில் தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தாள்.

நான் பாய்மரத்தில் ஆரம்பித்தேன். தோணி உடைந்த கதை, கப்பி, சாம்பல், ஏழு வீட்டு முறை, பலகையில் இதற்கெல்லாம் இடமில்லாமல் போனது. வியாழக்கிழமையைச் சொல்லும்போது குரல் தானாகவே உயர்ந்துவிட்டது. மனைவி விசிறுவதை நிறுத்தினாள். பத்தாவது நிமிடம் செயலாளர் மணியடித்தார். பதினைந்தாவது நிமிடம் துண்டுச் சீட்டு வந்தது: 'கோபுரத்துக்கு வாருங்கள்'. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கயிறு அறுந்த ஒரு மழை நாளில் மாமனார் விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு பாய்மரம் ஏறியதைச் சொன்னேன். முப்பதாவது நிமிடம், கீழேயிருந்து அடை வாசனை ஏறி வந்தது. அதற்குத்தான் காத்திருந்தேன்.

"இரண்டாவதாக," என்றேன்.

நாற்காலிகள் நகர்ந்தன. பாதிப் பேர் எழுந்தார்கள். போகட்டும். போகிறவர்களுக்குத் தெரிந்தது பாய்மரம் மட்டும்தான். கோபுரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பலகை இருக்கிறது, இறாலோடு. மிச்சம் இருந்தவர்களுக்கு இரண்டு கோபுரங்களையும் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தேன்.

கேன்டீனில் எனக்கு முன்னால் கதை வந்து சேர்ந்திருந்தது. பரிமாறுகிறவர் தட்டை வைத்தபடி, "இன்னா நைனா, மாமனாரு வெளக்கைப் பல்லுல கட்ச்சிக்கினு மரம் ஏறினாராமே? நெசமாவா?" என்றார்.

"நிஜம்தான்ப்பா."

"அப்ப அத்தப் போய் வெளக்கே இல்லன்னு பலகைல எவன் எழுதினான்?"

"நான்தான்," என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் அவியல் வைத்துவிட்டுப் போனார். அனுதாபமாக இருக்கலாம்.

மேசைகளில் அந்தத் தாள்கள் கிடந்தன. சிலவற்றில் எண்ணெய். ஒன்றை எடுத்து 'இரண்டு' என்பதை அடித்து 'மூன்று' என்று எழுதினேன். அடுத்ததையும். மனைவி பக்கத்து மேசைகளில் கிடந்ததையெல்லாம் பொறுக்கி வந்து அடுக்கினாள்.

"எழுத்து சாயுது," என்றாள். "நங்கூரம் வேண்டாம்."

செயலாளர் காபியோடு வந்து நின்றார். "என்ன சார் பண்ணிண்டிருக்கேள்?"

"பலகையைத் திருத்துறேன் சார்."

"இப்படிப் பண்ணினா இனிமே உங்களுக்கு மேடை கிடையாது, சொல்லிட்டேன்."

"சரிங்க சார்," என்றேன். மனைவி அடுத்த தாளை நகர்த்தி வைத்தாள்.