மூன்று சேர்ந்தால் மறையும்

அந்த இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளைக் கழுகக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். மூக்கு அப்படியொன்றும் வளைந்திருக்காது, கண்தான் காரணம். இருபத்திரண்டு வருடமாக மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து வெள்ளை அணுக்களை எண்ணுகிற வேலை. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு இரத்தத்தைத் தேய்த்துச் சாயம் ஏற்றினால் அவை ஊதா நிறத்தில் எழுந்து நிற்கும். அவற்றில் ஐந்து வகை. நூறு அணுக்களை எண்ணி, எந்த வகை எத்தனை என்று எழுதித் தரவேண்டும். இடது கைக்கடியில் ஐந்து பொத்தான் வைத்த எண்ணும் பெட்டி, வகைக்கொரு பொத்தான். நூறானதும் டிங்கென்று மணி அடிக்கும். இப்போது மெஷின் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் மெஷினே குழம்பி நிற்கிற ஸ்லைடு கடைசியில் அவளிடம்தான் வரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, ஒரே நாற்காலியில் இத்தனை வருடம் உட்கார்ந்தவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

சாயம் ஏறப் பத்து நிமிடம் ஆகும். வினை அந்தப் பத்து நிமிடத்தில்தான் வந்தது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் ஜன்னலோரம் நின்று, கூட்டிப் பெருக்குகிற அம்மாளோடு ஊர் வம்பு பேசுவாள். ஒரு நாள் படியில் வழுக்கிக் கால் முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு படுத்துக் கிடந்தாள். பொழுது போகட்டும் என்று தங்கை அவள் போனில் ஒரு கேம் ஏற்றிக் கொடுத்தாள். கலர் கலராக மணிகள், ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் பட்டென்று மறையும். அவ்வளவுதான் விளையாட்டு, சின்னக் குழந்தைகூட ஆடலாம். காலில் போட்ட கட்டை ஆறு வாரத்தில் பிரித்துவிட்டார்கள். கேம் கூடவே வேலைக்கும் வந்தது.

பத்து நிமிடம் பன்னிரண்டானது, சில நாள் பதினைந்தானது. ஸ்லைடெல்லாம் கருகிப்போய் வந்தன. "இந்தத் தடவை வந்த சாயமே சரியில்ல" என்று இரண்டு பாட்டிலைத் திருப்பி அனுப்பினாள். பாவம், சாயம் என்ன செய்யும்? பெருக்குகிற அம்மாள் ஒரு வாரம் வந்து நின்று பார்த்தாள், பிறகு அவள் நாற்காலியைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போகத் தொடங்கினாள். வீட்டில் வலது கை சோற்றிலும் இடது கை போனிலும் இருந்தன. அவளுக்கு ஒரு தம்பி, கொஞ்சம் குடிப்பான். வாரா வாரம் அவனுக்குப் போனில் புத்திமதி சொல்வாள். அதையும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கட்டைவிரலால் மணிகளைத் தள்ளிக்கொண்டேதான் சொல்வாள். இரண்டு முறை கேமை அழித்துப் பார்த்தாள். மறுநாளே திரும்ப ஏற்றியபோது, அவள் விட்ட இடத்தை அது மறக்காமல் வைத்திருந்தது.

வேன் ஓட்டுகிற புருஷன்தான் முதலில் வாய் திறந்தார்.

"ஆறு மாசமாச்சு, நீ என்கூட ஒரு சண்டைகூடப் போடல. எனக்குப் பயமா இருக்கு."

"நான் என்ன குடிக்கிறேனா, கூத்தடிக்கிறேனா? செவனேன்னு ஒரு மூலையில உக்காந்திருக்கேன். அதுவும் பொறுக்கலையா?"

"இதோ, இதுதான் சண்டை. இன்னும் கொஞ்சம் போடேன்" என்றார். அதற்குள் அவள் குனிந்துவிட்டாள்.

பரிசோதனை நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, டாக்டர் பழைய ஸ்லைடு ஒன்றை எடுத்துப் புது நம்பர் ஒட்டி யாராவது ஒருவருடைய அன்றைய ஸ்லைடுகளோடு கலந்துவிடுவார். பழைய எண்ணிக்கையும் புதிய எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று சாயங்காலம் பார்ப்பார்கள். சின்னப் பெண்கள் மெத்தனமாக இருக்கிறார்கள் என்று பத்து வருடத்துக்கு முன்னால் இந்த வழக்கத்தைப் பிடிவாதமாகக் கொண்டுவந்தவள் கழுகக்காதான்.

அந்தத் திங்கட்கிழமை டாக்டர் இரண்டு தாள்களை மேஜைமேல் வைத்தார். டாக்டர் அவளைவிட வயதில் சின்னவர். பழைய தாளில் முதல் வகை அணு அறுபத்து நாலு, புதியதில் நாற்பத்தெட்டு. இரண்டும் அவள் கையெழுத்து.

"அக்கா, கண்ணாடி மாத்தி எவ்வளவு நாளாச்சு?" என்றார் டாக்டர்.

நல்ல வாய்ப்பு. ஆமாம் டாக்டர், தலைகூட வலிக்குது என்று சொன்னால் கதை முடிந்தது. அவள் ஸ்லைடை வாங்கிக்கொண்டு போய் மறுபடி எண்ணினாள். ஐம்பது வந்தது. மூன்றாவது முறை, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளைப்போல ஒவ்வொன்றாக நிறுத்தி எண்ணினாள். ஓரிடத்தில் ஒரே வகை அணுக்கள் மூன்று ஒட்டினாற்போல் கிடந்தன. அவள் கண் அவற்றைத் தாண்டிப் போய்விட்டது. விரல் பொத்தானை அழுத்தாமல் அப்படியே இருந்தது. மூன்று சேர்ந்துவிட்டன, மறைந்துவிடும், இனி எண்ண என்ன இருக்கிறது என்று அவளைக் கேட்காமலே உள்ளே எதுவோ முடிவுகட்டியிருந்தது.

எத்தனை நாளாக இப்படி? யாருடைய இரத்தத்தில்?

திரும்பிப் போய், "கண்ணு நல்லாத்தான் இருக்கு டாக்டர். கேம்தான்" என்றாள்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நீங்க கால் சரியாகி வந்ததுலேர்ந்து உள்ள ஸ்லைடெல்லாம் அலமாரியில இருக்கு. எல்லாத்தையும் எடுங்க. நீங்க எண்ணுங்க, நான் மறுபடி எண்ணுறேன்" என்றார்.

பன்னிரண்டு நாளில் முன்னூற்றுப் பதினேழு ஸ்லைடுகளை எண்ணி முடித்தார்கள். நாலு அறிக்கைகள் தவறு. மூன்றில் யாருக்கும் பாதகமில்லை. நாலாவது, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மேஸ்திரியுடையது. வீடுகளுக்குத் தரை ஓடு பதிக்கிறவர். கிருமியை எதிர்க்கிற முதல் வகை அணு குறைவு என்று அவள் எழுதிக் கொடுத்ததால் அவருக்கு மருந்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டிருந்தார்கள். மருத்துவமனைக்கு டாக்டர் எழுதினார். மேஸ்திரியிடம் அவளே போனில் பேசினாள், எதையும் மறைக்கவில்லை.

அவர், "அந்த ஒரு வாரம், உடம்பு என்னைக் கைவிட்டுடுச்சுன்னு நெனச்சேம்மா" என்றார். போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு வேலை நேரத்தில் போன், பெருக்குகிற அம்மாளின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. வீட்டில் கேமை அவள் அடியோடு விடவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால், சாயத்துக்கு வைக்கிற அதே மாதிரிக் கடிகாரத்தில் பத்து நிமிடம் வைத்துக்கொள்வாள். மணி அடித்தால் கவிழ்த்துவிடுவாள். நேரம் போனால் எல்லா அணுவும் ஒரே கறுப்பாகத் தெரியும் என்பது அவளுக்குச் சொல்லித்தரவேண்டிய பாடமா? சில நாள் மணியை அணைத்துவிட்டு இன்னொரு ஆட்டம் ஆடியதும் உண்டு. அப்போது புருஷன் வாயைத் திறப்பார், நல்ல சண்டை நடக்கும்.

அடுத்த மாதம் மேஸ்திரி பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வந்தார். தலையில் முடியில்லை. விரல் இடுக்கில் பழைய சிமெண்ட் வெள்ளை இன்னும் போகவில்லை.

"எண்ணுறது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்படி என்னம்மா கேம் அது?"

சொன்னாள். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். அதே மணிகள். "படுத்தே கெடக்கறவனுக்கு வேற என்ன வேலை? நூத்துப் பதினாலாவது லெவல்ல மாட்டிக்கிட்டேன். உங்களுக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். ஆயிரத்து நானூறைத் தாண்டியவள். விரல்கூட ஒருமுறை துடித்தது. "முதல்ல உங்களை எண்ணிட்டு வர்றேன்" என்று உள்ளே போனாள்.

சாயம் ஏறும்வரை பக்கத்திலேயே நின்றாள். மூன்று ஒட்டிக் கிடந்த இடங்களிலெல்லாம் மூன்று முறை அழுத்தினாள். மணி அடித்தது. முதலிலிருந்து மறுபடி எண்ணினாள். டாக்டரும் எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார்.

வெளியே வந்து, "அறுபத்தொண்ணு. நல்லா இருக்கு. மருந்து ஏத்திக்கலாம்" என்றாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இன்னொரு வாட்டி எண்ணிப் பாத்துடுறீங்களா?"

இருபத்திரண்டு வருடத்தில் நோயாளி யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. அவள் சரி என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் மறுபடி உட்கார்ந்தாள்.