பச்சை மை படாத அட்டை

மார்ச் 4, காலை பத்து மணி. மறுவாழ்வுப் பிரிவின் தாழ்வாரம்: நீளம் முப்பது மீட்டர், இரு முனைகளிலும் தரையில் மஞ்சள் நாடா. அன்று வீடு திரும்பவிருந்த லாரி ஓட்டுநர் ஆறு நிமிடங்களில் அதைப் பதினொரு முறை கடந்தார். முந்நூற்று முப்பது மீட்டர். அவருக்கு அரை அடி பின்னால், "இன்னொண்ணு... அவ்ளோதான், ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லியபடியே நடந்தவர் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்.

இருபத்தாறு ஆண்டுகளாக அந்தத் தாழ்வாரத்தில் அவருக்கு வேறு பெயர் இல்லை. மூத்தவர்களுக்கும் அவர் 'இன்னொண்ணு அக்கா'தான். லிஃப்ட் ஓடினாலும் படியேறுவார். ஏறும்போது உதடு படிகளை எண்ணும். "இவ தும்மினாக்கூட மூணு செட்டு" என்பார் அவருடைய கணவர்.

வீடு செல்லும் ஒவ்வொருவருக்கும் அக்கா தொண்ணூறு கட்டங்கள் கொண்ட அட்டை தருவார்; நடந்த நாளுக்கு ஒரு டிக். மூன்று மாதம் கழித்து அதோடு வரவேண்டும். அறைக்கு வெளியே, காத்திருப்போர் பெஞ்சில், நூலில் கட்டிய பேனா ஒன்று தொங்கும். படிவம் நிரப்பத்தான் என்று எல்லோரும் நினைப்பார்கள். அதில் பச்சை மை என்பதும், அக்கா தம் கையாலேயே அதைக் கட்டினார் என்பதும் யாருக்கும் உறைத்ததில்லை. உள்ளே வரும் அட்டைகளில் பாதிக்கு மேல் பச்சை, பெஞ்சிலேயே அவசரமாகப் போட்ட டிக். "தோட்டம் நல்லா விளைஞ்சிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, முதல் நாளிலிருந்து தொடங்குவார்.

ஓட்டுநருக்கு மறுபடி தொடங்கும் அந்தச் சலுகை இல்லை. வலக்காலின் ரத்தக்குழாய் அடைத்து, இரண்டு விரல்கள் போயிருந்தன. "அடைப்பை எடுக்க இனி கத்தி வைக்க இடமில்ல. வலிக்கிற வரை நடக்கணும், நின்னு, மறுபடி நடக்கணும். அப்படிப் புது ரத்த ஓட்டம் வந்தா கால் இருக்கும். மூணு மாசத்துல தூரம் கூடலைன்னா முழங்காலுக்குக் கீழே எடுத்துடுவோம்" என்று அறுவை மருத்துவர் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

மாதம் ஒருமுறை அக்கா தொலைபேசியில் அழைத்தார். ஓட்டுநரின் மனைவி எடுப்பார். "அட்டை என்ன சொல்லுது?" "ஒரு நாள்கூட விட்டுப்போகலக்கா." அக்கா குறிப்பேட்டில் 'சரி' என்று எழுதினார். மூன்று மாதம், மூன்று 'சரி'.

ஜூன் 3. அட்டை மேசைக்கு வந்தது. நீலம், கறுப்பு, ஒரு வாரம் பென்சில். ஓரத்தில் எண்ணெய்க் கறை, ஒரு மூலை நனைந்து காய்ந்திருந்தது. பச்சை எங்கும் இல்லை. அக்கா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பல வருடங்களுக்குப் பிறகு சிரித்தவர்போலச் சிரித்தார். பிறகு வழக்கப்படி கெண்டைச் சதையை நாடாவால் அளந்தார். சிரிப்பு நின்றது; மார்ச் மாத அளவைவிடக் குறைவு. இரண்டாம் முறை அளந்தார்.

"தினம் நடந்தீங்களா?"

ஓட்டுநர் சுவரைப் பார்த்தார். மனைவி முந்திக்கொண்டார்: "தினம் காலையில செருப்பு மாட்டிக்கிட்டுப் போவாருக்கா. வந்ததும், 'போடு டிக்'னுவாரு. அடுப்பை விட்டுட்டு வந்து போடுவேன்."

"தெரு முனை வரைக்கும் போவேன்" என்றார் ஓட்டுநர். "அங்க வலி பிடிக்கும். நம்ம கூட்டாளி லாரி நிக்கும். ஏறி சீட்டுல உக்காந்துடுவேன். ஸ்டியரிங்கப் பிடிச்சா கொஞ்சம் மனுசனா இருக்கும்."

"தொண்ணூறு நாளு என்னை முட்டாளாக்கினீங்களா?" மனைவியின் குரல் தாழ்வாரத்துக்குக் கேட்டது. "நின்ன லாரியில உக்காந்து எந்த ஊருக்குப் போனீங்க?"

"கத்தாதடி." அவர் அக்காவிடம் திரும்பினார். "இங்க வலிச்சாலும் நடந்தேன்ல? பக்கத்துல நீங்க இருந்தீங்க. அங்க நின்னா நின்னதுதான். இன்னொண்ணுன்னு சொல்ல யாரு இருக்கா?"

அக்கா குறிப்பேட்டைத் திறந்து, தம் கையெழுத்தில் இருந்த மூன்று 'சரி'களையும் பார்த்தார். அன்று பகல் பன்னிரண்டுக்கு அறுவை மருத்துவரிடம் ஓட்டுநரின் தூரம் போய்ச் சேரவேண்டும்.

தாழ்வாரத்துக்கு வந்தார்கள். இம்முறை அக்கா உடன் நடக்கவில்லை. மஞ்சள் நாடாவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆறு நிமிடத்துக்குக் கடிகாரத்தை அழுத்தினார். ஓட்டுநர் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். மூன்றாவது கடப்பின் நடுவில் கை சுவரைத் தேடியது. கடிகாரத்தில் இன்னும் மூன்றரை நிமிடம் இருந்தது.

"ஒரு தடவை சொல்லுங்கக்கா" என்றார், திரும்பிப் பார்த்து. "போயிடுவேன்."

அக்காவின் உதடுகள் பிரிந்தன, சத்தம் வரவில்லை. கடிகாரம் ஒலிக்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். பிறகு அக்கா அளவு நாடாவுடன் எழுந்து போய், அந்த மூன்று விரல் பாதத்தருகே குனிந்து அமர்ந்து, நாடாவின் நுனியைத் தரையில் வைத்தார்.

எழுபத்திரண்டு மீட்டர்.