ரத்தினபாய் சொன்ன பதில்

பம்மலில் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கும் ரத்தினபாயிடம் வயது கேட்டால் அறுபத்தைந்து என்பாள். உண்மையில் எழுபத்திரண்டு. அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ள முடியாது. ஒரு காலத்தில் நாடகத்தில் ஸ்திரீபார்ட் போட்டவள். வயதைக் குறைத்துச் சொல்வது அந்தத் தொழிலோடு ஒட்டிக்கொண்ட பழக்கம்.

அவள் நடித்தது ஸ்பெஷல் நாடகங்களில். அதில் நிரந்தரமான கம்பெனி என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவாள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. மேடையில் அவர் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்பார், அவள் நின்ற இடத்திலேயே பதில் சொல்லவேண்டும். திணறினால் அடுத்த ஊரில் கூப்பிட மாட்டார்கள். கேள்விகளைப் பெரும்பாலும் நாடக வாத்தியார்கள் எழுதிக் கொடுத்திருப்பார்கள். ராஜபார்ட் அவற்றை நெட்டுருப் போட்டு வந்து, அப்போதுதான் தோன்றியதுபோல் கேட்பார். அந்தச் சாமர்த்தியத்துக்குத்தான் கைதட்டல்.

மூன்று வருஷம் அவளுக்கு ஜோடியாக வந்தவர் சாம்பசிவன். மேடையில் வெண்கலக் குரல், இறங்கிவிட்டால் வாயில் கொழுக்கட்டை. ஒருமுறை மழையில் கொட்டகை ஒழுகியபோது தன் அட்டைக் கிரீடத்தைக் கழற்றி அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். கிரீடம் ஊறிக் கூழாகிப்போனது. அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது?

1933இல் மதுராந்தகத்தில் ஒரு நாடகம். அவர் ராஜா, அவள் நந்தவனத்துப் பெண். வளையல்காரன் வேஷத்தில் வந்த ராஜா, நந்தவனத்துப் பெண்ணிடம் வழக்கமான கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அவள் எந்த ஊரிலும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்: "விடிந்ததும் வந்து கூப்பிட்டால் என்னோடு வந்துவிடுவாயா?"

வாத்தியார் புதிதாக எழுதிக் கொடுத்ததா, இவரே கேட்கிறாரா? யோசிக்க நேரமில்லை. எதிரே எண்ணூறு பேர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பழகிய நாக்கு முந்திக்கொண்டது. "விடிந்ததும் வா, வெளிச்சத்தில் உன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

அரிதாரத்துக்கு அடியில் சாம்பசிவனின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. அது எல்லோருக்கும் தெரியும். கொட்டகையே குலுங்கியது. சொன்ன மறு நிமிஷமே அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலை தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, நாடகக்காரர்கள் தங்கியிருந்த சத்திரத்து வாசலில் பத்து மணிவரை நின்றாள். அவரோ முதல் ரயிலிலேயே கிளம்பிப் போயிருந்தார். அதன்பிறகு அவள் பெயர் போட்ட நோட்டீஸ் என்றால் அந்த நாடகத்தை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. பேசும்படம் வந்தது, கொட்டகைகள் போயின. அவளும் ஒரு ஆர்மோனியக்காரரைக் கட்டிக்கொண்டு பம்மலுக்கு வந்தாள். நல்ல மனிதர், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அந்தக் கேள்வியை நினைத்து ஏங்காமல் இருந்ததில்லை. அது நிஜமா, நாடகமா என்று மட்டும் தெரிந்தால் போதும் அவளுக்கு.

1987இல் பக்கத்து வீட்டு ஜெயக்கொடி ஃபால்ஸ் தைக்கப் புடவை கொடுக்க வந்தாள். சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு தொழிற்சாலையில் வேலை அவளுக்கு. தன்னோடு வேலை செய்யும் சாவித்ரியின் அப்பா அந்தக் காலத்து ராஜபார்ட்டாம், மூஞ்சியெல்லாம் அம்மைத் தழும்பாம் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். ரத்தினபாய் ஊசியைக் கீழே வைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டியைப் பிடித்துவிட்டாள்.

சாவித்ரி வீட்டில் சாம்பசிவன் ஈஸிசேரில் படுத்திருந்தார். அவள் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெளிச்சத்துல மூஞ்சியப் பாத்துட்டு சொல்றேன்னியே, அந்தப் பொண்ணுதானே?"

வீடே சிரித்தது. சாவித்ரி விளக்கினாள்: அது அவர்கள் வீட்டு வேடிக்கை. அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினால் போதும், அம்மா இருந்தவரை அதைச் சொல்லித்தான் கிண்டல் செய்வாளாம். எல்லோரையும்விடச் சத்தமாக, கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தவர் அவர்தான். அத்தனை பேர் வாயிலும் தன் வார்த்தை புகுந்து வருவதைக் கேட்டபடி ரத்தினபாய் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் அன்று கேட்டது என்ன என்று கேட்டாள். அது எப்போதோ மறந்துபோயிற்று, பதில்தான் நின்றது என்றார் அவர். அவளே கேள்வியைச் சொன்னாள். அன்று அவர் கேட்ட அதே தாழ்ந்த குரலில்.

அவர் சிரிப்பு மெல்ல நின்றது. நாடகக்காரரின் காது அது, சும்மா இருக்குமா? வார்த்தைகளை வாய்க்குள்ளேயே திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

"இது வாத்தியார் எழுதுனது இல்லியே. எந்த வாத்தியாரும் மடக்கு இல்லாம இப்படி வெறுமனே எழுத மாட்டான்." அவளை நிமிர்ந்து பார்த்து, "நெஜமாத்தான் கேட்டிருக்கேன்" என்றார்.

"சத்திரத்து வாசல்ல பத்து மணி வரைக்கும் நின்னேன்."

அவர் கை இன்னும் கன்னத்தில் இருந்தது. "வெளிச்சத்துல பாக்கணும்னியே" என்றார்.

"பாக்கத்தான் நின்னேன்."

சாம்பசிவன் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.