தங்கையை நடு வரிசையில் நிறுத்திய நாள்

எழுபதுகளின் ஆரம்பத்தில், நீடாமங்கலத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. கூலிச் சண்டை ஒருவழியாக ஓய்ந்து, குடியிருக்கிற மனை இனி குடியிருப்பவர்களுக்கே என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்த நேரம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் சிவப்புக் கொடி, பாதி வீட்டில் கறுப்பு சிவப்பு. அண்ணனும் தம்பியும் ஒத்துப்போகாத வீட்டில் இரண்டும் பறக்கும். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேச இன்றைக்கும் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவளை இடுப்பில் வைத்து வளர்த்தது நான்தான். எங்கள் இரண்டு பேருக்குள் ஒரு கைப்பேச்சு தானாக உண்டாகியிருந்தது. மீசையை முறுக்கினால் அப்பா. வெற்றிலை குதப்புகிற மாதிரி கன்னத்தை உப்பினால் பெரியம்மா. புருவத்தைத் தொட்டால் நான், எனக்கு அங்கே ஒரு தழும்பு. ஊரில் வேறு யாருக்கும் அது புரியாது. "உன் தங்கச்சி என்னடி சொல்றா?" என்று என்னிடம்தான் வந்து கேட்பார்கள். எனக்கென்று ஒரு வாய்த் தண்ணீர் கேட்கக் கூச்சப்படுகிறவள், அவளுக்காக என்றால் மிராசுதாரின் காரியக்காரரிடம்கூடப் பேசிவிடுவேன். அந்த ஒரு விஷயத்தில்தான் ஊரில் எனக்கு ஒரு மதிப்பு.

நடவுக்கு ஆள் கூட்டிப் போவது எங்கள் பெரியம்மா. பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்று, பாட்டோடு பாட்டாக நட்டுக்கொண்டே பின்பக்கமாக நகர்வார்கள். பாட்டு கேட்காத என் தங்கையை வரிசையின் கடைசியில் வரப்போரமாக நிறுத்தி, ஒட்டி நான் நிற்பேன். நகர வேண்டிய நேரம் வந்தால் முழங்கையால் ஓர் இடி. அப்படியும் அவள் வேலை மெதுவாகத்தான் இருக்கும். அவளை அரை ஆளாகத்தான் கணக்கு வைத்தார்கள்.

அந்த வருஷம் தையில் எனக்குக் கல்யாணம் என்று பேசி முடித்தாகிவிட்டது. மாப்பிள்ளைக்குத் திருவிடைமருதூர் பக்கம். தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடாதே என்று அவர்கள் வீட்டில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். பெரியம்மாவும் கையை விரித்துவிட்டாள்.

"நீ போயிட்டா அவளை நான் வயல்ல எறக்க முடியாதுடி. ஒருத்தி பின்தங்கினா போதும், இதான் சாக்குன்னு காரியக்காரர் வெளியூர் ஆளை லாரியில கொண்டாந்து எறக்கிடுவாரு. அப்புறம் தெருவே பட்டினி."

பெரியம்மா சொன்னதில் பொய் இல்லை. அப்பாவுக்கு அப்போதே இழுப்பு வியாதி. வயலுக்கும் போக முடியாவிட்டால் அவரோடு சேர்ந்து இவளும் யார் கையையாவது எதிர்பார்த்துத்தான் உட்கார வேண்டும். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பூஜை விடுமுறைக்குக் கும்பகோணத்திலிருந்து கல்லூரிப் பெண்கள் வந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். எங்கள் தெருவுக்கு மண் பாதை போட வந்தவர்கள். அதில் ஒரு பெண், ஒல்லியாக, கண்ணாடி போட்டிருப்பாள். என் தங்கை மண் கூடை தூக்கிப் போனதைப் பார்த்துவிட்டு, கூடையைக் கீழே வைக்கச் சொல்லி, கையாலே அவளிடம் என்னவோ பேசினாள். அந்தப் பெண்ணுடைய அண்ணனுக்கும் காது கேட்காதாம். அவர் கேளாதவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் படித்தவராம்.

அன்றிலிருந்து என் தங்கை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் கண் விழித்ததும் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். சாயங்காலம் அந்தக் கண்ணாடிக்காரி தன் தோழிகளோடு எங்கள் தெருப் பெண்களையும் கூட்டி வைத்துக் கைப்பேச்சு சொல்லிக் கொடுத்தாள். ஊமைச்சி என்று ஒதுங்கிப் போனவர்களெல்லாம் அவளைச் சுற்றி உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். உலை வைக்க வேண்டும் என்று சொல்லிப் போகவில்லை. ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு வேலிப் பக்கம் நின்று பார்த்தேன். அவள் அந்தக் கண்ணாடிக்காரிக்கு எங்கள் பேச்சைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாவுக்குக் கன்னத்தை உப்பினாள், அப்பாவுக்கு மீசை முறுக்கினாள். அப்புறம் புருவத்தைத் தொட்டுக் காட்டி, நான் தோளைக் குறுக்கிக்கொண்டு தலை குனிந்து நடப்பதை அப்படியே நடந்து காட்டினாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. கேலி செய்ததற்காக இல்லை. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் இருந்ததை ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டாளே என்றுதான்.

குறுவை அறுத்த வயலில் தாளடி நடவு நடந்துகொண்டிருந்தது. என் தங்கை வேலை செய்வதைப் பார்க்க ஒருநாள் வயலுக்கு வந்த அந்தப் பெண்கள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களும் இறங்கினார்கள். சேற்றில் கால் புதைந்து ஒருத்தி உட்கார்ந்தேவிட்டாள்.

"ஏம்மா காலேஜு, நாத்தை இப்புடிப் படுக்கப் போட்டு நட்டா, அதுக்குப் பாயும் தலகாணியும் யாரு போடுறது?" என்று பெரியம்மா கேட்க, வரிசையே சிரித்தது.

கண்ணாடிக்காரி சிரித்துவிட்டுக் கரையேறினாள். அன்று முழுக்க வரப்பில் உட்கார்ந்து என் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் பெரியம்மாவிடம் வந்தாள்.

"அவளை ஏன் ஓரத்துல நிக்க வைக்கிறீங்க? எங்க அண்ணனை நாங்க பந்தியில கூட ஓரத்துல உக்கார விட மாட்டோம். நடுவுல இருந்தாத்தான் ரெண்டு பக்கமும் யாரு என்ன செய்றாங்கன்னு தெரியும். இங்க அவ கழுத்தைத் திருப்பித் திருப்பி அக்கா முகத்தைத்தான் பாக்குறா. கை நின்னு போகுது. நாளைக்கு நடுவுல விட்டுப் பாருங்க. அக்கா தள்ளி நிக்கட்டும்."

எனக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ. "வந்தோமா, ரோட்டைப் போட்டோமான்னு போயிடுவீங்க. அவளைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். பெரியம்மாதான், "தையில நீயும்தான் போகப் போறே. நாளைக்கு ஒருநாள் பாத்துடுவோம்" என்றாள்.

மறுநாள் என் தங்கை நடுவில் நின்றாள். என்னைப் பெரியம்மா மறுகோடியில் வரப்போரம் நிறுத்தினாள். இத்தனை வருஷம் அவளுக்கு இருந்த ஓரம் இப்போது எனக்கு ஆகிவிட்டது. காரியக்காரர் குடையோடு எதிர்வரப்பில் நின்றார். பாட்டு தொடங்கியது. கொஞ்ச தூரம் போனதும் எல்லாரும் பின்னால் நகர, அவள் மட்டும் நகராமல் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். காரியக்காரர் குடையை மடக்குவது தெரிந்தது. எனக்குள்ளே ஒரு பக்கம் பதைத்தது. இன்னொரு பக்கம், பார்த்தீர்களா, நான் இல்லாமல் முடியுமா என்று ஒரு குரல். இரண்டும் சேர்ந்துதான் என்னைத் தள்ளின. நட்ட நடவுக்கு மேலேயே கால் வைத்து அவளிடம் ஓடினேன்.

அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். சேற்றுக் கையை இரண்டு மூன்று தரம் வேகமாக வீசி என்னவோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. அது கண்ணாடிக்காரி சொல்லிக் கொடுத்த பேச்சு. திரும்பவும் சொன்னாள், அப்போதும் புரியவில்லை. வரிசை முழுக்க எங்களைப் பார்த்தது. பக்கத்தில் நின்ற பெண்ணுக்குக் கூடப் புரிந்துவிட்டது போல, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நான் வரப்பில் இருந்த கண்ணாடிக்காரியைப் பார்த்துக் கேட்டேன். "என் தங்கச்சி என்னங்க சொல்றா?"

அவளுக்குச் சொல்லவே சங்கடம். "நாத்தை மிதிக்காதேங்கிறா, அக்கா" என்றாள்.

வயலே சிரித்தது. காரியக்காரரும் சிரித்தார். நான் மிதித்த நாற்றையெல்லாம் நிமிர்த்தி வைத்துவிட்டு என் தங்கை மளமளவென்று நட்டுப் பின்னால் வந்து வரிசையில் சேர்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு இடமும் வலமும் பார்த்து, அவர்கள் இடுப்பு அசையும்போது தானும் அசைந்தாள். யாரும் இடிக்கவில்லை. வேலை முடிந்து கால் கழுவும்போது பெரியம்மா, "நாளையிலேருந்து முழு ஆளா வரச் சொல்லு" என்று என்னிடம் சொல்ல வந்தவள், நிறுத்திக்கொண்டு, அவளுக்கு நேராகப் போய்க் கையைக் காட்டித் தானே சொல்லிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். என் கல்யாணத்துக்கு இருந்த தடை அன்றோடு போயிற்று. ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊருக்குக் கிளம்புகிற அன்று கண்ணாடிக்காரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிற பேச்சுல நிறைய கத்துக்கிட்டேன். எங்க அண்ணனுக்குச் சொல்லித் தரப் போறேன்" என்றாள். "அதையுமா எடுத்துட்டுப் போறீங்க?" என்று கேட்டேன். விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்து அவள் சிரித்தாள்.

தை பிறப்பதற்குள் நான் என் தங்கை முன்னால் உட்கார்ந்து அந்தப் புதுப் பேச்சைக் கற்றுக்கொண்டேன். பொல்லாத வாத்தியார் அவள். விரல் தப்பாக வந்தால் பட்டென்று அடிப்பாள். அப்பா போன பிறகும் அவள் யாரையும் அண்டி நிற்கவில்லை. உள்ளூரிலேயே அவளுக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தன. நடவு மிஷின் வருகிற வரைக்கும் நடு வரிசையில்தான் நட்டாள்.

இப்போது அவளும் நானும் கிழவிகள். தன் பேத்தி வாங்கிக் கொடுத்த செல்போனில் அவள், எந்தெந்த ஊரிலோ இருக்கிற காது கேளாதவர்களோடு முகம் பார்த்துக் கையால் பேசிச் சிரிக்கிறாள். அவளைப் பார்க்கப் போகிறபோது நான் எட்டிப் பார்த்தால் போனைத் திருப்பிக்கொள்கிறாள். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் வருகிறது. என்னை விட்டால் அவளுக்கு வேறு ஆள் இல்லை என்றிருந்தால் இந்த எரிச்சலே வந்திருக்காது, அதனால் வரட்டும் என்று விட்டுவிடுகிறேன்.