செஞ்சி மலையில் கடற்காற்று வராது

புதுச்சேரி பேருந்து நிலையத்திலிருந்து திருவண்ணாமலை பஸ் ஏழரைக்கு நகர்ந்தபோது, மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான், மனைவி செல்வி, பத்து வயது காவ்யா, ஏழு வயது இனியன். திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்கு எழுபது கிலோமீட்டர். எங்களுக்கு ஆளுக்கு எழுபது ரூபாய், பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். நான் மிஷன் வீதிப் பக்கம் வெளியூர்க்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிற கடையில் வேலை பார்க்கிறவன். செஞ்சிக் கோட்டை எப்படி இருக்கும் என்று வாரத்தில் நாலு பேராவது கேட்பார்கள். சூப்பரா இருக்கும் சார், அவசியம் பாருங்க என்பேன். நான் பார்த்ததே இல்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் இனியன். மூன்று வயதில் அவனுக்கு வீசிங் வந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் அவன் மூச்சுதான் கடிகாரம். ஓடாதே, ஐஸ் சாப்பிடாதே, தூசிக்குப் போகாதே என்று வளர்த்தோம். பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் என்றால் அவனுக்கு வேப்பமரத்தடி. போன ஒரு வருஷமாக ஒரு தடவைகூட இழுப்பு வரவில்லை. இனிமேல் மற்றப் பிள்ளைகள் மாதிரி ஓடட்டும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பயல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். உப்பளம் கிரவுண்டில் காலையில் ஓட்டப் பயிற்சி தருகிறார்கள், அதில் என்னைச் சேர்த்துவிடு என்று பிடித்துக்கொண்டான்.

முடியாது என்று நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மொதல்ல செஞ்சி மலைய ஏறிக் காட்டு, அப்பறம் சேத்துவுடறேன்" என்றேன். பாதி மலையில் முடியலப்பா என்று உட்கார்ந்துவிடுவான், பேச்சு அதோடு தீர்ந்துவிடும் என்பது என் கணக்கு. செல்விக்கு என் கணக்கெல்லாம் அத்துப்படி. "புள்ள ஏறிட்டான்னா அப்பறம் பேச்சு மாறக் கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

திண்டிவனம் தாண்டி அரை மணி நேரம் போனதும் ஜன்னலில் பாறைகள் வர ஆரம்பித்தன. எங்கள் ஊரில் ஏறுவது என்றால் மாடிப்படி, அதை விட்டால் மேம்பாலம். தட்டையான ஊரில் பிறந்து வளர்ந்த கண்ணுக்கு அந்தக் காட்சி ஒரு மாதிரி பயத்தைக் கொடுத்தது. வீடு அளவு, லாரி அளவு உருண்டைப் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, விழுகிற மாதிரியே நின்றுகொண்டிருந்தன. பஸ்ஸில் மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். தினம் பார்ப்பவர்கள் போலிருக்கிறது.

"இதெல்லாம் யாருப்பா இங்க கொட்டுனது?" என்றான் இனியன்.

"தெரியலடா."

"கொட்டுனவன் இன்னும் வந்து அள்ளல" என்றாள் செல்வி.

செஞ்சியில் இறங்கி இட்லி சாப்பிட்டோம். ஊரிலிருந்து கோட்டை இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ நூறு ரூபாய். ராஜகிரிதான் அங்கே உயரமான மலை. அடிவாரத்தில் நின்று உச்சியைப் பார்க்கத் தலையை முழுசாக அண்ணாக்க வேண்டியிருந்தது. மேலே ஒரு மண்டபம் நகத்தளவில் தெரிந்தது. கல்லை உடைத்து, அத்தனை உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கே ஒரு மதிலும் கட்டியிருக்கிறார்கள். யாரிடம் சொன்னாலும் நம்பாத வேலை. நான் வாயைப் பிளந்து நின்றதைக் காவ்யா போட்டோ எடுத்துவிட்டாள்.

உடனே ஏறியிருக்க வேண்டும். நான்தான் ஏறவிடவில்லை. கீழே இருந்த கல்யாண மகால், தானியக் களஞ்சியம், குளம் எல்லாவற்றையும் நிதானமாகச் சுற்றிக் காட்டினேன். பதினொன்றரைக்கு மேல் ஏறலாம் என்பது என் திட்டம். பங்குனி மாசத்தில் எங்கள் ஊரில் காலை வெயில் மண்டையைப் பிளக்கும். பதினொன்றரை, பன்னிரண்டுக்குக் கடற்காற்று வந்துவிடும், உடம்புக்கு இதமாக இருக்கும். ஊரே அந்தக் காற்றை நம்பித்தான் வெளியே கிளம்பும். செல்வி வைத்திக்குப்பத்தில் படகுக்காரர் வீட்டில் பிறந்தவள், அவளுக்கும் அதில் சந்தேகமே வரவில்லை.

டிக்கெட் சரிபார்க்கிற ஆள் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இந்நேரத்துக்கா ஏறப் போறீங்க? காலைலயே வர வேணாமா?"

"காத்து வரட்டும்னு இருந்தோம்" என்றேன்.

"இன்னா காத்து?"

"கடக்காத்துங்க."

அவர் என்னையும், பிறகு செல்வியையும் பார்த்தார். "எந்த ஊருங்க?"

"பாண்டிங்க."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பாட்டில் தண்ணீர் போதாது, இன்னும் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். சிரிக்காமல் சொன்னதற்காக அந்த மனுஷருக்கு நன்றி.

படிகள் கருங்கல்லில், ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது விரல் உயரம் என்று இஷ்டத்துக்கு இருந்தன. காவ்யா தாவித் தாவி ஏறி, ஒவ்வொரு திருப்பத்திலும் எங்களுக்காக நின்று கேலி செய்தாள். குரங்குகள் மதில் மேல் வரிசையாக உட்கார்ந்து செல்வியின் பையைக் கணக்குப் போட்டன. நான் இனியனுக்குப் பின்னால் ஏறினேன். அவன் முதுகைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. சட்டை ஏறி இறங்குவது வேகமாகிறதா, கழுத்துக் குழி உள்ளே போகிறதா, விசில் சத்தம் கேட்கிறதா. நாலு வருஷப் பழக்கம்.

முதல் வாசலைத் தாண்டியதும்தான் கவனித்தேன். பயல் ஒரு முறை வைத்திருந்தான். கொஞ்சம் படி ஏறுவான், நிற்பான். வாயை மூடி மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுவான். மறுபடி ஏறுவான். அக்கா மேலேயிருந்து கூப்பிட்டாலும் அவசரப்படவில்லை. மூச்சு வாங்கின பிறகு நிற்காமல், வாங்குவதற்கு முன்னாலேயே நின்றான்.

"யாருடா இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. எனக்கு எப்ப வரும்னு தெரியும்" என்றான்.

எனக்கு என்னவோ போல் இருந்தது. அவன் நெஞ்சை நான் காவல் காப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவனும் சும்மா இருக்கவில்லை.

பாதிக்கு மேல் மரம் குறைந்து பாறை மட்டும் மிஞ்சியது. மணி ஒன்று ஆகியும் காற்று வரவில்லை. பாறை அடுப்புக் கல் போலக் கொதித்தது. கைப்பிடிச் சுவரில் கை வைக்க முடியவில்லை. செல்வி கிழக்குப் பக்கமாகத் திரும்பி நின்று, "எங்க போச்சு இந்தக் காத்து" என்று முறைத்தாள். ஆனால் கிழக்கே தெரிந்ததைப் பார்த்து எல்லோரும் பேச்சை மறந்து நின்றோம். வயல், ஏரி, தென்னை, ரோட்டில் எறும்பாய் ஒரு பஸ், அதற்கப்பால் குன்றுக்குப் பின்னால் குன்று, எல்லாவற்றையும் சுற்றி வளைத்து மலை விட்டு மலை ஏறுகிற மதில். அவ்வளவு பெரிசாக உலகத்தை நான் கடலில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்று பஸ்ஸுக்கு எட்டுகிற தூரத்தில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது கண் கலங்கியது. வெயிலினால் என்று சொல்லிக்கொண்டேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. இந்தப் பாறைக்கும் அந்தப் பாறைக்கும் நடுவே கிடுகிடு பள்ளம், அதன் மேல் ஒரு சின்னப் பாலம். பாலம் கண்ணுக்குத் தெரிகிற திருப்பத்தில் காவ்யா சட்டென்று உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. "தலைய சுத்துதுப்பா" என்றவள், குடித்த தண்ணீரை அப்படியே வாந்தி எடுத்தாள். நாள் முழுக்க நான் யாருக்காகப் பயந்தேனோ அவன் பக்கத்தில் நின்று அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

அவளைத் தூக்கிப் பாறை நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணி போட்டு, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் முகத்தில் ரத்தம் வந்தது. "ஒண்ணும் இல்லப்பா" என்று எழுந்து உட்கார்ந்தாள். "போதும், எறங்கலாம்" என்றேன். யாரும் குற்றம் சொல்ல முடியாத காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி என் குரலில் இருந்திருக்க வேண்டும். இனியன் பாலத்தையே பார்த்தான்.

"நீங்க இவளோட இருங்க. நானும் அவனும் போயிட்டு வந்துடறோம்" என்றாள் செல்வி.

"மேல வெச்சு இழுப்பு வந்துடுச்சுன்னா?"

"இன்ஹேலர் எங்கிட்டதான இருக்குது. ஒங்ககிட்ட இன்னா இருக்குது, பயம்தான?"

இருவரும் போனார்கள். நான் காவ்யாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பாலத்தைப் பார்த்தபடி இருந்தேன். அங்கிருந்து மூச்சு தெரியாது, சட்டை ஏறி இறங்குவதும் தெரியாது. மஞ்சள் சட்டை போட்ட ஒரு சின்ன உருவம் பாலத்துக்கு வந்து நின்றது. அவன் வழக்கப்படி நின்றான், மூச்சை ஊதினான் என்று நினைக்கிறேன். பிறகு அம்மாவின் கையை விட்டுவிட்டு, தனியாக, அந்தப் பள்ளத்தின் மேல் நடந்து போனான். கீழே பார்க்கவில்லை. என் பக்கமும் திரும்பவில்லை. மேலே வானம், கீழே பிளந்த மலை, நடுவே என் பையன். இத்தனை பெரிய கோட்டையில் எனக்கு அது ஒன்றுதான் கண்ணில் நின்றது. காவ்யா, "போயிட்டானாப்பா?" என்று கேட்டாள். போயிட்டாம்மா என்றேன். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் பாலத்தில் யாரும் இல்லை.

திரும்பி வந்தவன், உச்சியில் ரங்கநாதர் கோவில் இருக்கிறது, அங்கே மட்டும் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது என்றான். இன்ஹேலரைத் தொடவே இல்லை என்று செல்வி சைகையில் காட்டினாள். இறங்கும்போது நான் அவன் முதுகைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். நாலு படிக்கு ஒரு தரம் தோற்றேன்.

ஐந்தரை மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. திண்டிவனம் தாண்டியதும் காவ்யா அம்மா தோளில் தூங்கிவிட்டாள். வெளியே நிலம் மறுபடி தட்டையாகிவிட்டிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் எதுவும் தலையைத் தூக்காது. பிள்ளையை வளர்க்க அதுதான் பத்திரமான ஊர் என்று அன்று காலை வரை நினைத்திருந்தேன்.

"நாளைக்கே உப்பளம் கிரவுண்டுல சேத்துவுடறேன்டா" என்றேன். "ஓடி முடிக்கிற வரைக்கும் அங்கயே ஓரமா உக்காந்திருக்கேன்."

இனியன் என் பக்கம் திரும்பினான். "வுட்டுட்டு நீ கடைக்குப் போயிடுப்பா."

"ஏன்டா?"

"நீ இருந்தா என் மூச்சையே பாத்துட்டிருப்ப. அப்பறம் நானும் அதையே பாப்பேன். ஓட வராது."

சரி என்று சொல்ல எனக்குப் பாண்டிக்குப் பாதி வழியிலிருக்கிற கிளியனூர் வரை ஆனது.