யாரோடு வந்தாய்?

என் வாழ்க்கையில் நான் எடுத்த மிகச் சிறந்த புள்ளி எனக்கு ஞாபகமில்லை. சென்னையில் ஒரு ரக்பி இறுதிப் போட்டி. கடைசி நிமிடத்தில் மூன்று பேரை இழுத்துக்கொண்டே எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினேனாம். ரக்பியில் கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது. பந்து கையோடு தரையில் பட வேண்டும். பட்டதாம். கோப்பையைப் பிடித்துக்கொண்டு பல்லிளிக்கும் போட்டோ வீட்டில் இருக்கிறது. ஆனால் அன்று காலை இட்லி சாப்பிட்டதற்கும், மறுநாள் பஸ் ஜன்னலில் திண்டுக்கல் மலை தெரிந்ததற்கும் நடுவில் எனக்கு ஒன்றுமே கிடையாது. முதல் பாதியிலேயே தலையில் அடிபட்டிருக்கிறது. அணிக்காரர்கள் முகத்தில் சோடாவை அடித்து, "எந்திரி மாப்ள" என்று மறுபடி உள்ளே தள்ளிவிட்டிருக்கிறார்கள். பிறகு அந்தக் கதையை அவர்கள் சொல்லக் கேட்டு, நானும் உப்பு காரம் சேர்த்து, சொல்லிச் சொல்லி மனப்பாடமே ஆகிவிட்டது.

முட்டி தேய்ந்ததும் ஆட்டத்தை விட்டேன். மதுரைக்குத் திரும்பி பி.டி. வாத்தியார் ஆனேன். ஞாயிறுகளில் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் கபடி ஆடியவர்கள். பிடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, ஆளைக் கீழே சாய்த்ததும் பிடியை விடவைப்பதற்குள்தான் என் தொண்டை வற்றிவிடும். தலையில் அடிபட்டால் மட்டும் நான் கறார். விழுந்து எழுந்தவளிடம் நான்கு கேள்வி கேட்பேன். இது எந்த மைதானம்? எந்தப் பாதி? கடைசியாக யார் புள்ளி எடுத்தது? போன ஆட்டம் யாரோடு? ஒன்று தவறினாலும் வெளியே. இப்படி ஒரு சட்டம் போட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. வருஷக்கணக்காக அதே நான்கு கேள்விகளைக் கேட்கிறோமே என்பது உறைக்கவே இல்லை.

மாநில அணிக்கான தேர்வு ஆட்டம் மதுரையில் நடந்தது. எங்கள் அணியில் எழுமலையிலிருந்து வருகிற ஒருத்தி இருந்தாள். மாநில அணியில் ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எழுதிப்போடலாம். இருபத்தைந்து வயதாகிவிட்டது, இந்த ஒரு தடவைதான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். டவுசர் போட்டுக்கொண்டு ஆடும் அந்த ஆட்டத்தை ஒரு முறைகூட வந்து பார்க்காத அவளுடைய அப்பா, அன்று தானே பைக்கில் கூட்டிவந்திருந்தார். வேப்பமர நிழலில் மஞ்சப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

முதல் பாதி முடியப்போகும் நேரம். அவள் பந்தோடு பாய்ந்து கோட்டைத் தாண்டினாள். அதே நொடியில் எதிரணிக்காரி ஒருத்தியின் முட்டி அவள் தலையில் மோதியது. பந்து நழுவி உருண்டது. நடுவர் புள்ளி இல்லை என்று கைகாட்டினார். அவள் எழுந்து நின்றாள், சிரிக்கக்கூடச் செய்தாள்.

கேள்விகளை ஆரம்பித்தேன். முதல் கேள்விக்குப் பதில் வந்தது. இரண்டாவதை நான் கேட்பதற்கு முன்பே அதற்கும் வந்தது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் அப்படியே, ஒரே மூச்சில். அவளைத் தூக்கிவிட வந்த எங்கள் அணிக்காரியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காதில் ஓதியிருக்கிறாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கோபம் சுர்ரென்று ஏறியது, அவர்கள்மேல் பாதி, என்மேல் பாதி.

அதற்குள் அவளுடைய அப்பா வந்துவிட்டார். "நல்லாத்தான சார் இருக்கா? இன்னும் பாதி ஆட்டந்தான. ஆடட்டும் சார், அவ பொழப்பு இதுலதான் இருக்கு."

எனக்கும் ஆசைதான். நான்குக்கும் சரியான பதில், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. தேர்வாளர்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'சரி, போ' என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டுக் கேட்டேன்.

"இன்னிக்கு யாரு கூட வந்த?"

"தனியாத்தாண்ணே. பஸ்ல வந்தேன்."

அவளுடைய அப்பா இரண்டடி தள்ளி நின்றிருந்தார். மஞ்சப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து அவள் கையில் கொடுத்தார். மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை, ஒரு மாதம் ஆடக் கூடாது என்றார்கள். தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை.

ஒரு மாதம் தாண்டியும் அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் எழுமலை பஸ் வரும் நேரத்துக்கு கேட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு ஞாயிறு வந்தாள். ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, எங்கப்பா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. நாலு பேரக் கவுத்திட்டு நான் பாயிண்டு எடுத்தேனாம். கோட்டத் தாண்டுனத அவரே கண்ணால பாத்தாராம். எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. நெசமாண்ணே?"

அவளுடைய அப்பா கபடி பார்த்துப் பழகிய மனிதர். அங்கே பிடித்தவர்களை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டாலே புள்ளி. சென்னையில் என் பந்து நிஜமாகவே தரையில் பட்டதா என்று முதன்முறையாக எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த ஆட்டம் எனக்கு நினைவில்லை என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. இவளிடம் சொன்னேன். சோடாவையும் போட்டோவையும் சொன்னேன். பிறகு அவள் கேட்டதற்குப் பதிலையும் சொன்னேன்.

"கோட்டத் தாண்டுன. பந்து கைய விட்டுப் போயிருச்சு. பாயிண்டு கெடையாது."

அழுவாளோ என்று பயந்தேன். ஷூவைப் போட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"அடுத்த வருசமும் அவரே கூட்டிட்டு வாரேன்னு சொல்லியிருக்காருண்ணே. பந்து தரையில படலைன்னு அவருக்கு மட்டும் தெரிய வேணாம்."